கோவில்பட்டியிலிருந்து சேப்பாக்கத்துக்கு: ஒரு மேட்ச், நாலு நாள்

அக்டோபர் 6, 2023, வெள்ளி. நெல்லை எக்ஸ்பிரஸ்

ரயில் ஏறி அரை மணி நேரம் ஆகிறது. எதிர் பெர்த்தில் சித்தப்பா காலை மடக்கி உட்கார்ந்து, சாத்தூர் வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியே இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையில் நாலு பாக்கெட் கடலை மிட்டாய், ஒரு துண்டு, ஒரு தொப்பி. மாற்றுச் சட்டை எடுத்தாரா என்று கேட்டால் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா. உலகக் கோப்பையில் இரண்டு அணிக்கும் அதுதான் முதல் ஆட்டம். ஆன்லைன் வரிசையில் மூன்று முறை காத்துக் கிடந்து, இரண்டு முறை பணம் கட்டும் இடத்தில் எல்லாம் நின்றுபோய், மூன்றாவது முறைதான் இரண்டு டிக்கெட் கிடைத்தது. ஒன்று எனக்கு. இன்னொன்று யாருக்கு என்று யோசிக்கவே இல்லை.

சித்தப்பா 1987 அக்டோபர் 9ஆம் தேதி அதே சேப்பாக்கத்தில் இருந்தவர். அதுவும் உலகக் கோப்பை, அதுவும் இந்தியா–ஆஸ்திரேலியா, அதுவும் இரண்டு பேருக்கும் முதல் ஆட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த ஞாயிறு 36 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு நாள் குறைவு. வெள்ளை உடுப்பு, சிவப்புப் பந்து, காலை வெயிலில் ஆரம்பித்த பகல் ஆட்டம். உலகக் கோப்பையில் 60 ஓவரை 50 ஆகக் குறைத்தது அந்த வருஷம்தான்.

சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் இடத்துக்கு வரும்போது சித்தப்பா குரல் தாழ்ந்துவிடும். ஜோன்ஸ் தூக்கி அடித்த பந்துக்கு நான்கு ரன் என்று கை காட்டினார்கள். இன்னிங்ஸ் முடிந்தபோது ஆஸ்திரேலியா 268. இடைவேளையில் அது சிக்ஸர்தான் என்று பேச்சு வந்தது, கபில்தேவ் ஒத்துக்கொண்டார், 268 என்பது 270 ஆனது. சித்து அடித்தார் 73, ஸ்ரீகாந்த் 70. ஜெயித்த மாதிரியே இருந்த மேட்ச். கடைசி ஓவரில் ஆறு ரன் தேவை, கடைசி விக்கெட் ஆடுகிறது. மணிந்தர் சிங் இரண்டு இரண்டாக நாலு எடுத்துவிட்டு, ஐந்தாவது பந்தில் ஸ்டீவ் வாவிடம் போல்டு. 269. ஒரே ஒரு ரன்.

"அந்த ரெண்ட குடுத்திருக்க வேண்டாம்னு அன்னைக்கு எல்லாரும் திட்டுனாவ. எனக்கு அப்படித் தோணல. சிக்ஸர்னா சிக்ஸர்தானடே" என்றார் இப்போதும்.

விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். மீதி நாளைக்கு.

அக்டோபர் 7, சனி. திருவல்லிக்கேணி

எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துத் திருவல்லிக்கேணி. வேலூரில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் இங்கே ஒரு மேன்ஷனில் தங்கியிருக்கிறான். மூன்றாவது மாடி, அறையில் இரண்டு கட்டில், வராந்தாவில் வரிசையாகக் காயும் லுங்கிகள். குளித்துவிட்டு ரத்னா கபேயில் இட்லி. இலையில் இட்லி தெரியாத அளவுக்கு சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனார் பரிமாறியவர். சித்தப்பா இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார்.

பத்து மணிக்கெல்லாம் வாலாஜா சாலைக்கு நடந்துவிட்டோம். நடைபாதை முழுக்க நீல ஜெர்சி. கோலியின் 18 எண் போட்டது ஒரு குவியல், ரோஹித்தின் 45 ஒரு குவியல். 99 எண் போட்டதைத் தேடிப் பிடித்து வாங்கினேன். அஸ்வின் சட்டை. அக்சர் படேலுக்கு அடிபட்டதால் கடைசி வாரத்தில் அணிக்குள் வந்தவர். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை சொந்த மைதானத்தில் உலகக் கோப்பை ஆடுவாரா மாட்டாரா என்பதுதான் இன்று இந்தத் தெருவில் எல்லோரும் பேசும் பேச்சு. சுப்மன் கில்லுக்கு டெங்கு, ஆடுவது சந்தேகம் என்பது இரண்டாவது பேச்சு.

மைதானத்தைச் சுற்றி வெளியே ஒரு வட்டம் நடந்தோம். ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதன் மேல் பறக்கும் ரயில் பாதை. சித்தப்பாவுக்கு அடையாளமே தெரியவில்லை. புதுக் கூரை, புது ஸ்டாண்ட். அவர் உட்கார்ந்திருந்தது வெறும் சிமெண்ட் படி. மார்ச் மாதம் இங்கே நடந்த ஒருநாள் ஆட்டத்தில் இதே ஆஸ்திரேலியா 269 எடுத்து 21 ரன்னில் நம்மை வென்று தொடரையும் கொண்டுபோனது. ஆடம் ஜாம்பாவுக்கு நாலு விக்கெட். அதைச் சொன்னேன். சித்தப்பா சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "உள்ள என்ன மண்ணு?" என்று கேட்டார்.

சேப்பாக்கத்தில் சிவப்பு மண் பிட்சும் உண்டு, கருப்பு மண் பிட்சும் உண்டு என்றேன். கரிசல் காட்டுக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"செவல்ல மம்பட்டியப் போட்டா ணங்குனு திருப்பி அடிக்கும். பந்து எந்திரிக்கும். கரிசல் அப்படி இல்ல. அது வாங்கி வச்சுக்கிடும். தண்ணியவும் விடாது, காலையும் விடாது. பந்து மட்டும் என்ன, அதுவும் நின்னுதான் வரும். காய விட்டா வெடிச்சுப் போயிரும், பொறவு எங்க பட்டு எங்க திரும்பும்னு யாருக்கும் தெரியாது."

டிவியில் பிட்ச் ரிப்போர்ட் என்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மாலை மேன்ஷன் வாசல் டீக்கடையில் டிவி. டெல்லியில் தென் ஆப்பிரிக்கா இலங்கையைப் பிழிந்துகொண்டிருந்தது. டி காக், வான் டர் டசன், மார்க்ரம் மூன்று பேரும் சதம். மார்க்ரமுக்கு 49 பந்து. 428! உலகக் கோப்பையில் இதுவரை யாரும் அடிக்காத ஸ்கோர். இலங்கையும் சளைக்காமல் 326 எடுத்தது. ஒரே நாளில் 754 ரன்.

"நாளைக்கும் இப்படித்தாண்ணா. 350 இல்லாம பத்தாது" என்றான் பெஞ்சில் இருந்த ஒரு பையன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவன், தஞ்சாவூர்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "அது டில்லிப்பா. இங்க 250 அடிச்சா அவன் ராஜா."

அப்புறம் அரை மணி நேரம் வாதம். எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது, அதையும் சொன்னேன். ஆஷ்டன் ஏகர் காயத்தால் விலகிய பிறகு ஆஸ்திரேலியாவிடம் முழுநேர ஸ்பின்னர் என்று ஜாம்பா ஒருவர்தான். துணைக்கு மேக்ஸ்வெல். நம்மிடம் ஜடேஜா, குல்தீப், அஸ்வின். மூன்று பேரையும் இறக்கினால் 30 ஓவர் ஸ்பின். இந்த மண்ணில் அதைத் தாங்கும் பேட்டிங் யாரிடம் இருக்கிறது?

"பனி விழுந்தா?" என்று கேட்டான் தஞ்சாவூர்ப் பையன். நல்ல கேள்வி. இரவில் பனி இறங்கினால் பந்து ஈரமாகி விரலில் நிற்காது, ஸ்பின்னரின் பாதி பலம் போய்விடும். அதனால் எல்லாம் டாஸில் இருக்கிறது என்று முடிவு செய்து எழுந்தோம்.

அக்டோபர் 8, ஞாயிறு. சேப்பாக்கம்

இரவு பன்னிரண்டரை ஆகிறது. தூக்கம் வருகிற மாதிரி இல்லை. எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு மணிக்கே வரிசையில் நின்றோம். தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், கடலை மிட்டாயையும். சித்தப்பா முகம் வாடிவிட்டது. உள்ளே போய்ப் படியேறி அந்தப் பச்சையைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய் நின்றார். நானும் பேசவில்லை.

வெயில் என்றால் வெயில் இல்லை, புழுக்கம். உட்கார்ந்த இடத்திலேயே முதுகு நனைகிறது. எங்களுக்கு முன் வரிசையில் அண்ணா நகர்க் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். வலது பக்கம் ஒரு டீச்சரம்மா, எட்டாவது படிக்கும் மகளோடு. மகள் கையில் ஸ்கோர் எழுத ஒரு நோட்டு. இடது பக்கம், சித்தப்பா வயதில் ஒருவர். எழுபதுகளில் லீக் கிரிக்கெட் ஆடினாராம், விக்கெட் கீப்பர். விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

டாஸ் ஆஸ்திரேலியாவுக்கு. அவர்கள் கேப்டன் கம்மின்ஸ் பேட்டிங் எடுத்தார். "சரி, பந்து காஞ்சு இருக்கும்போது நம்ம ஸ்பின் போடறோம். போதும்" என்றார் கீப்பர் சார். மூன்று ஸ்பின்னர், அஸ்வின் உள்ளே. அறிவிப்பு வந்தபோது ஸ்டாண்டே எழுந்தது. கில் இல்லை, இஷான் கிஷன் ஆடுகிறார்.

மூன்றாவது ஓவரிலேயே பும்ரா மிட்செல் மார்ஷை எடுத்தார். ரன் இல்லை. ஸ்லிப்பில் கோலி இடது பக்கம் பாய்ந்து பிடித்தார். மார்ஷ் என்ற பெயரைக் கேட்டதும் சித்தப்பா என் கையைப் பிடித்தார்.

"இவன் ஜெஃப் மார்ஷ் மகன்தானல?"

ஆமாம். 1987இல் இதே மைதானத்தில் 110 அடித்து ஆட்ட நாயகன் ஆனவர் ஜெஃப் மார்ஷ். அப்பா வந்தபோது சித்தப்பா இங்கே இருந்தார். மகன் வந்தபோதும் இருக்கிறார். அவர் அதைப் பக்கத்தில் எல்லோருக்கும் சொல்ல, டீச்சரம்மா மகள் நோட்டின் ஓரத்தில் "அப்பா 110, மகன் 0" என்று எழுதிக்கொண்டாள்.

வார்னரும் ஸ்மித்தும் நிதானமாக ஆடினார்கள். விக்கெட் விழவில்லை, ரன்னும் ஓடவில்லை. அஸ்வின் பந்தை வாங்கியபோது எழுந்த சத்தத்தில் அடுத்திருப்பவர் பேச்சே கேட்கவில்லை. முன்னால் இருந்த பையன்களில் ஒருவன், "விக்கெட்டே விழலியே, ஸ்பின் மாத்துங்கப்பா" என்று கத்தினான். கீப்பர் சார் அவன் தோளைத் தட்டி, "தம்பி, ஸ்மித் பேட்ட பாரு. பந்து வர்றதுக்கு முன்னாடியே பேட் போயிடுது. ரெண்டு தடவ பாத்தேன். பந்து நின்னு வருது. இன்னும் கொஞ்ச நேரம்" என்றார்.

நின்னு வருது. நேற்று சித்தப்பா சொன்ன அதே வார்த்தை. இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை இவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வார்னர் 41இல் குல்தீப்பிடமே கேட்ச் கொடுத்தார். அப்போது 74. ஸ்மித்தும் லபுஷேனும் 110 வரை கொண்டுபோனார்கள். அந்த ஸ்கோரில் ஜடேஜா போட்ட பந்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். லெக் பக்கமாக வந்து விழுந்தது, ஸ்மித் நேராகத்தான் தடுத்தார். உலகத்தில் ஸ்பின் ஆடத் தெரிந்த நாலு பேரை எண்ணினால் அதில் அவர் ஒருவர். பந்து அவர் பேட்டைக் கடந்து திரும்பி ஆஃப் ஸ்டம்பைத் தொட்டது. ஸ்மித் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், நடந்ததை நம்பாதவர் மாதிரி. 46.

ஜடேஜாவுக்கு இந்த மண் புதிதில்லை. மஞ்சள் சட்டையில் எத்தனை சீசன் இங்கே போட்டிருக்கிறார்! எந்த வேகத்தில் விட்டால் பிடிக்கும், எந்த நீளத்தில் விழுந்தால் சறுக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். பெரிதாகச் சுழற்றவே இல்லை. வேகமாக, ஸ்டம்பைப் பார்த்து, ஒரே இடத்தில். சிலது திரும்பியது, சிலது நேராக வந்தது. எது எப்படி வரும் என்பது மண்ணுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விஷயம். அடுத்து ஒரே ஓவரில் லபுஷேனையும் அலெக்ஸ் கேரியையும் எடுத்தார். 110க்கு இரண்டு விக்கெட் என்று இருந்தது, கண் மூடித் திறப்பதற்குள் 119க்கு ஐந்து.

மேக்ஸ்வெல் குல்தீப்பிடம் போல்டு. கேமரூன் கிரீன் அஸ்வின் பந்தில் ஹர்திக்கிடம் கேட்ச். அந்த ஒரு விக்கெட்டுக்காகவே காத்திருந்த மாதிரி முழு மைதானமும் எழுந்து நின்றது. என் முதுகில் 99 எண். நானும் கத்தினேன், தொண்டை இன்னும் சரியாகவில்லை.

மிட்செல் ஸ்டார்க் கடைசியில் 28 எடுத்ததால் 199. மகள் நோட்டைப் பார்த்துக் கூட்டினோம். ஜடேஜா 28 ரன்னுக்கு 3, குல்தீப் 42க்கு 2, அஸ்வின் 34க்கு 1. மூன்று பேரும் சேர்ந்து 30 ஓவர், 104 ரன், ஆறு விக்கெட். டெல்லியில் நேற்று 428, இங்கே இன்று 199. ஒரே உலகக் கோப்பை, அடுத்தடுத்த நாள். டீக்கடைக்காரர் 250 என்று சொன்னதே அதிகம்.

இடைவேளையில் பையன்கள், "முப்பத்தஞ்சு ஓவர்ல முடிச்சிடலாம்" என்று சொல்லிக்கொண்டே பிரியாணி வாங்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மூன்று விக்கெட்.

முதல் ஓவரிலேயே ஸ்டார்க் பந்தில் இஷான் கிஷன் ஸ்லிப்பில் கேட்ச். உலகக் கோப்பையில் ஸ்டார்க்குக்கு அது ஐம்பதாவது விக்கெட். அடுத்த ஓவரில் ஹேசில்வுட் வந்தார். ரோஹித் எல்பிடபிள்யூ. ஸ்ரேயஸ் ஐயர் அடித்த பந்து நேராக வார்னர் கைக்குப் போனது. மூன்று பேருக்கும் பூஜ்யம். இரண்டு ஓவர், இரண்டு ரன், மூன்று விக்கெட்.

இத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அடங்கினால் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. மேலே பறக்கும் ரயில் போகிற சத்தம் கேட்டது. சித்தப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 1987 அவர் முகத்தில் தெரிந்தது.

ராகுல் இறங்கினார். இத்தனை நேரம் இந்தப் புழுக்கத்தில் 49.3 ஓவர் விக்கெட் கீப்பிங் செய்தவர். ஒவ்வொரு பந்துக்கும் உட்கார்ந்து எழுந்தவர். "முழங்கால் கெஞ்சும் தம்பி, எனக்குத் தெரியும்" என்றார் கீப்பர் சார்.

முன் வரிசையில் சண்டை ஆரம்பித்தது. ஒருவன், அடித்து ஆடினால்தான் ஆஸ்திரேலியா பயப்படும் என்றான். இன்னொருவன் சூர்யகுமாரை எடுத்திருக்க வேண்டும் என்றான். சித்தப்பா முதல் முறையாக அவர்களிடம் நேரடியாகப் பேசினார்.

"எத்தன அடிக்கணும்?"

"இருநூறு தாத்தா."

"எத்தன ஓவரு இருக்கு?"

"நாப்பத்தெட்டு."

"ஓவருக்கு நாலுதான? பொறவு என்னடே அவசரம். புதுப் பந்து முறுக்கா வரும், பத்து ஓவருக்குக் கட்டையப் போடட்டும். வெதச்ச மறுநாளே யாராவது அறுக்கப் போவானா?"

கோலியும் ராகுலும் அதைத்தான் செய்தார்கள். நேராக பேட், உடம்புக்குப் பக்கத்தில். வெளியே போகும் பந்தைத் தொடவே இல்லை. ரன் வராத ஒவ்வொரு டாட் பாலுக்கும் கைதட்டியது சேப்பாக்கம். டாட் பாலுக்கு! இந்த மைதானத்தில் மட்டும்தான் இதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தடுத்ததற்கும் இங்கே கைதட்டு உண்டு. 1999இல் பாகிஸ்தான் டெஸ்டை ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள், அதற்கு முன் 1997இல் அவர்களின் சயீத் அன்வர் 194 அடித்ததைப் பார்த்து ரசித்தவர்கள் உட்கார்ந்த இடம் இது.

எட்டாவது ஓவர். கோலி 12. ஹேசில்வுட் குட்டையாகப் போட, கோலி புல் அடிக்கப் போய் பந்து நேராக மேலே ஏறியது. கீழே ஓடி வந்தது மிட்செல் மார்ஷ். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வந்த விதத்தை வைத்தே தெரிந்தது, விட்டுவிட்டார்.

சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "அவங்கப்பன் எடுத்ததுல பாதிய இவன் திருப்பிக் குடுத்துட்டான்."

அந்த கேட்ச் பிடித்திருந்தால் இந்தியா 20க்கு நாலு. ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கலாம்.

அதன் பிறகு மெல்ல மெல்லக் காற்று மாறியது. ஜாம்பா வந்ததும் ராகுல் விழித்துக்கொண்டார். பின்காலில் போய், பந்து வரும் வரை காத்திருந்து, கடைசி நொடியில் வெட்டி பவுண்டரி. பந்து நின்று வருகிறதா, அப்படியானால் நானும் நிற்கிறேன் என்கிற மாதிரி இருந்தது. மார்ச்சில் நாலு விக்கெட் எடுத்த ஜாம்பாவுக்கு இன்று ஒன்றும் இல்லை, ஐம்பது ரன்னுக்கு மேல் கொடுத்துவிட்டார். கம்மின்ஸிடம் இன்னொரு ஸ்பின்னர் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேக்ஸ்வெல் நன்றாகத்தான் போட்டார், ஆனால் அவரால் ஜடேஜா ஆக முடியாது.

கோலி ஆட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 116 பந்தில் 85. அதில் பவுண்டரி ஆறே ஆறு, சிக்ஸர் இல்லை. மீதி 61 ரன்னும் ஓடி எடுத்தது. ராகுல் ஓடியதற்கும் கூட ஓட வேண்டும் அல்லவா? நாங்கள் உட்கார்ந்த இடத்தில் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தபோது அந்த மனிதர் ஒன்றை இரண்டாக்கிக்கொண்டிருந்தார். டிவியில் இது தெரியாது. பந்து எங்கே போகிறது என்று கேமரா காட்டும், பந்து போவதற்கு முன்பே கோலி கண் எந்த ஃபீல்டரைப் பார்க்கிறது என்று காட்டாது.

இரவு ஏற ஏற பனி இறங்கியது. ஃபீல்டர்கள் பந்தைத் துண்டில் துடைப்பது தெரிந்தது. பந்து இப்போது சறுக்கிக்கொண்டு பேட்டுக்கு வந்தது. "தஞ்சாவூர்ப் பையன் சொன்னான்ல" என்றார் சித்தப்பா. டாஸ் ஜெயித்து பேட்டிங் எடுத்த முடிவைப் பற்றி இனி கம்மின்ஸ் எத்தனை தடவை யோசிப்பாரோ. ஆனால் பனி வருவதற்கு முன்பே இந்த ஜோடி கடினமான பகுதியைக் கடந்துவிட்டது, அதை மறக்கக் கூடாது. பனி விழுந்ததால் ஜெயித்தோம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

இரண்டு ரன்னில் சேர்ந்தவர்கள் 167இல் பிரிந்தார்கள். 165 ரன் ஜோடி. கோலி சதம் போடாமல் போனபோது ஒரு பெருமூச்சு, பிறகு அவர் உள்ளே போய்ச் சேரும் வரை கைதட்டல். ஹர்திக் வந்தார். ராகுல் 91இல் இருந்தபோது ஐந்து ரன் தேவை. கம்மின்ஸ் பந்தை கவர் பக்கம் தூக்கினார், அது சிக்ஸர். ஆட்டம் முடிந்தது. ராகுல் அப்படியே குந்திவிட்டார், முகத்தில் சிரிப்பும் ஏமாற்றமும். 97. ஒரு பவுண்டரி அடித்துவிட்டு அடுத்தது சிக்ஸர் என்று நினைத்திருந்தாராம், பந்து நன்றாகப் பட்டுவிட்டது என்று பிறகு சொன்னார். கீப்பிங் முடித்துக் குளித்துவிட்டுச் சற்று உட்காரலாம் என்று இருந்தவரை இரண்டே ஓவரில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றும், கொஞ்ச நேரம் டெஸ்ட் மாதிரி ஆடலாம் என்று கோலி சொன்னதாகவும் சொன்னார்.

டெஸ்ட் மாதிரி. கீப்பர் சார் சித்தப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிரியும்போது இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டார்கள், கையை விட வெகுநேரம் ஆனது. பெயர் கேட்டுக்கொள்ளவில்லை என்று வெளியே வந்த பிறகுதான் சித்தப்பாவுக்கு ஞாபகம் வந்தது.

அக்டோபர் 9, திங்கள். திரும்பும் ரயில்

காலை பத்து மணி வரை தூங்கினோம். தஞ்சாவூர்ப் பையன் பேப்பரோடு வந்து எழுப்பினான். பனி பற்றிச் சொன்னது அவன்தான் என்று சித்தப்பா நாலு பேர் முன்னால் சொல்ல, அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

மதியம் மெரினா. வெயிலில் யாரும் இல்லை. சித்தப்பா மணலில் நின்று ஸ்டேடியம் இருக்கும் திசையைப் பார்த்தார். 1987இல் ஆட்டம் முடிந்ததும் இங்கேதான் வந்து உட்கார்ந்தார்களாம், ஊர்க்கார சேக்காளிகள் ஐந்து பேர். ராத்திரி பஸ் கிளம்பும் வரை யாரும் பேசவில்லையாம். அந்த ஐந்து பேரில் இப்போது இருப்பது இரண்டு பேர். இன்னொருவருக்கு அங்கிருந்தே போன் போட்டார். "ஏலே, ராகுலு என்னமா ஆடுனான்னு நெனைக்க? நேர்ல பாத்தேம்லே" என்று ஆரம்பித்து இருபது நிமிடம். நான் சுண்டல் வாங்கப் போய்த் திரும்பி வந்தபோது ஸ்மித் அவுட் ஆன பந்துக்கு வந்திருந்தார். கையை வேறு திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார், போனில்.

இப்போது ரயில் தாம்பரம் தாண்டிவிட்டது. ஹைதராபாத்தில் நியூசிலாந்து–நெதர்லாந்து. நியூசிலாந்து 322. போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டே வருகிறேன். சித்தப்பா நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறார்.

"யாருக்கு விக்கெட்டு விழுது?"

"சான்ட்னருக்கு, சித்தப்பா."

"அவன் யாரு, வேகமா?"

"ஸ்பின். இடது கை. ஜடேஜா மாதிரி."

எழுந்து உட்கார்ந்துவிட்டார். செங்கல்பட்டுக்கு அப்புறம் சிக்னல் விட்டு விட்டு வந்தது. மேல்மருவத்தூர் தாண்டி மறுபடி பார்த்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. நியூசிலாந்து 99 ரன்னில் வெற்றி, சான்ட்னருக்கு ஐந்து விக்கெட். 13ஆம் தேதி அவர்கள் பங்களாதேஷோடு சேப்பாக்கத்தில் ஆடுகிறார்கள் என்று சொன்னேன்.

"வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகிறபோது வாசலில் பறிகொடுத்தது போக மீதமிருந்த ஒரே கடலை மிட்டாய் பாக்கெட்டைப் பிரித்து எனக்குப் பாதி உடைத்துக் கொடுத்தார். டிக்கெட் இன்னும் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.